மட்டக்களப்பில் குறைந்த செலவில் நாய், பூனைகளுக்குக் கருத்தடை கிளினிக்: எப்படித் தொடங்கலாம்?

வாவிக்கரை:
கல்லடி, நாவற்குடா பக்கம் இருக்கிறவர்களுக்கு இது புதிய கதை இல்லை. கடற்கரை வீதி ஓரத்திலும் வாடிகளுக்குப் பின்னாலும் கோயில் வாசலிலும் உரப்பையில் கட்டிய குட்டிகள் கிடக்கின்றன. அவிழ்த்துப் பார்த்தால் அநேகமாக எல்லாம் பெட்டைக் குட்டிகள். கடுவனை யாராவது கேட்டு வாங்கிப் போய்விடுவார்கள், பெட்டை ஆருக்கும் வேண்டாம். அதில் தப்பிப் பிழைக்கிற ஒன்றிரண்டு, வருசம் திரும்பும் முன்னரே சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் தாயாகி நிற்கும்.

தனியாரிடம் ஒரு பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்ய, மருந்து, ஆட்டோக் கூலி எல்லாம் சேர்த்தால் கூலி வேலை செய்கிற வீட்டுக்குக் கட்டாது. நானும் இன்னும் சில பேரும் சேர்ந்து மாதம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமையில், ஏதாவது ஒரு பலநோக்கு மண்டபத்தில் சின்ன கிளினிக் ஒன்று நடத்தலாம் என்று யோசிக்கிறோம். பதிவுபெற்ற மிருக வைத்தியர் ஒருவர் குறைந்த கட்டணத்தில் வரச் சம்மதித்திருக்கிறார். இப்படி ஒன்றை எங்கேயாவது நடத்திய அனுபவம் உள்ளவர்கள், எதை முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஊறணிச்சந்தி:
நல்ல நோக்கம்தான், நான் தடுக்க வரவில்லை. ஆனால் பின்னேரம் டியூசன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளைகளை நாய்க் கூட்டம் துரத்துகிறதே, அதற்கு இது என்ன பதில்? வெட்டித் தைத்து அதே சந்தியில் திரும்ப விட்டால் கடிக்கிற நாய் கடிக்கத்தானே செய்யும். பிடித்து எங்காவது கொண்டுபோய் விட வேண்டும் என்றுதான் எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் சொல்கிறார்கள்.

வாவிக்கரை:
உங்கள் பயம் நியாயமானது அண்ணா, என் வீட்டிலும் டியூசனுக்குப் போகிற பிள்ளை இருக்கிறது. ஆனால் நாய்கள் கூட்டமாகச் சேர்ந்து வெறி பிடித்த மாதிரித் துரத்துவது எப்போது என்று கவனித்துப் பாருங்கள். ஒரு பெட்டைக்குப் பருவம் வந்தால் நாலு ஒழுங்கைக் கடுவன்களும் அங்கேதான் நிற்கும். இல்லாவிட்டால் குட்டி போட்ட தாய், பக்கத்தில் போகிற யாரையும் விடாது. இந்த இரண்டுமே கருத்தடையோடு நின்றுவிடும். அதோடு, வருகிற ஒவ்வொரு நாய்க்கும் விசர்நாய்த் தடுப்பூசியும் போட்டுத்தான் அனுப்புவோம். பிடித்துக் கொல்வதை 2006இலேயே அரசாங்கம் நிறுத்திவிட்டது. வேறு ஊரில் கொண்டுபோய் விட்டால் அந்த ஊர்ச் சனத்தின் தலையில் கட்டுகிறோம், இங்கே காலியான இடத்துக்குத் தடுப்பூசி போடாத வேறு நாய் வந்து சேரும், குப்பை அப்படியே கிடக்கிறதே.

களுவாஞ்சிக்குடி_தங்கச்சி:
நான் பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறேன், இறுதி ஆண்டு. அக்கா சொன்னதோடு ஒன்றிரண்டு சேர்க்கிறேன்.

நாய்க்குக் கர்ப்ப காலம் ஏறக்குறைய 63 நாள், பூனைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பெட்டை நாய்க்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் முதல் பருவம் வரும், அதன்பிறகு வருசத்துக்கு இரண்டு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பூனை இன்னும் மோசம். நாலைந்து மாதத்திலேயே சினைப்படும், குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிக்கும், எங்கள் பக்கத்து வெயிலில் அதற்குக் காலம் நேரம் கிடையாது.

இந்தியாவில் ஜெய்ப்பூரில் 1994இல் தொடங்கிய வேலைத்திட்டம் ஒன்று இருக்கிறது. நகரத்தின் ஒரு பகுதியை எடுத்து, பெண் நாய்களைத்தான் முக்கியமாகப் பிடித்தார்கள். எட்டு வருசத்தில் கிட்டத்தட்ட 25,000 நாய்கள். அங்கிருந்த பெட்டைகளில் ஏறக்குறைய 65 வீதம் கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நிலைக்கு வந்தபோது தெருநாய்த் தொகை 28 வீதம் குறைந்தது. அந்தப் பகுதியில் மனிதருக்கு விசர்நாய்க்கடி நோய் வருவதும் நின்றது. கொழும்பிலும் 2007 முதல் மாநகர சபையும் ப்ளூ போ ட்ரஸ்ட் என்கிற பிராணிநல அமைப்பும் சேர்ந்து இதே வழியில்தான் போனார்கள். பூட்டான் 2009இல் தொடங்கி 2023இல் நாட்டின் எல்லாத் தெருநாய்களுக்கும் செய்து முடித்ததாக அறிவித்தது, ஒன்றரை இலட்சத்துக்கும் மேல்.

ஆகவே ஊறணி அண்ணாவுக்கு என் பதில்: குறையும், ஆனால் பெட்டைகளைப் பிடித்தால்தான் குறையும், அதுவும் ஒரே இடத்தில் விடாமல் செய்தால்தான்.

படுவான்கரையான்:
தங்கச்சி எழுதியதைப் படித்தபிறகு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம். எங்களுக்கு நாய் இல்லாமல் முடியாது. இரவில் யானை வளவுக்குள் வந்தால் முதலில் சத்தம் போடுவது நாய்தான், வயல் வாடியில் காவலுக்கும் அதுதான். ஆனால் எல்லோரும் கடுவன்தான் வளர்ப்பார்கள். இப்போது நீங்கள் ‘வளர்ப்புப் பிராணிகளுக்கான மலிவு கிளினிக்’ என்று நோட்டீஸ் ஒட்டினால் யார் வருவார்கள்? கடுவன் வைத்திருக்கிற ஆட்கள்தான் வருவார்கள். குட்டி போடுகிற பெட்டைக்குச் சொந்தக்காரர் கிடையாதே, அதை ஆர் தூக்கிக்கொண்டு வரப்போகிறார்கள்? ஒரு கடுவன் மிச்சமிருந்தாலும் ஊரிலுள்ள அத்தனை பெட்டையும் சினைப்படும். மண்டபம் நிறைந்திருக்கும், படம் பிடித்துப் போடலாம், குட்டி மட்டும் குறையாது.

கல்முனை_வடக்கு:
படுவான்கரை அண்ணா சொல்வதுதான் உண்மை. எங்கள் பக்கத்தில் முன்பு ஒரு முகாம் நடந்தது, யார் நடத்தினார்கள் என்பது இங்கே தேவையில்லை. ஒரே நாளில் நிறையச் செய்ய வேண்டும் என்று ஓடினார்கள். மயக்கம் தெளியாத நாய்களைப் பின்னேரம் ஆறு மணிக்கு ஆட்களிடம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு கோயிலடிப் பெட்டை, ஒரு கிழவி சோறு வைத்து வளர்த்தது, அன்றிரவே மழையில் நனைந்து, இரண்டாம் நாள் நக்கி நக்கித் தையல் பிரிந்து, புழு வைத்துப்போனது. அந்தக் கிழவி கைக்குட்டையில் மஞ்சளைக் கட்டிக்கொண்டு நாயைத் தேடித் திரிந்ததைப் பார்த்தேன். எந்த நம்பரில் யாரைக் கேட்பது என்றுகூட ஒருவரிடமும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் கருத்தடை என்று வாய் திறந்தால் கதவைச் சாத்துகிறார்கள்.

அதனால் கேட்கிறேன், சத்திரசிகிச்சை முடிந்த பெட்டையை இரவில் எங்கே வைப்பீர்கள்?

வாவிக்கரை:
இதை வாசித்துவிட்டு இரவு முழுக்க அதே யோசனை. வைத்தியர், மண்டபம், காசு இது மூன்றையும்தான் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். உண்மையில் முதலில் தேட வேண்டியது பெட்டைக்குச் சோறு வைக்கிற ஆளையும், அதை இரண்டு மூன்று இரவு வைத்திருக்க ஒரு மூலையையும் என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது.

தங்கச்சி, எத்தனை இரவு?

களுவாஞ்சிக்குடி_தங்கச்சி:
கடுவன் என்றால் நன்றாக எழுந்து நடந்த பிறகு அன்றே போகலாம், ஓர் இரவு வைத்தால் நிம்மதி. பெட்டைக்குக் குறைந்தது ஓர் இரவு கட்டாயம், தெருப் பெட்டை என்றால் மூன்று இரவு வைக்கச் சொல்வேன். உள்ளே கரைகிற நூலால் தோலுக்கடியில் தைத்தால் தையல் பிரிக்க வரத் தேவையில்லை, திரும்பப் பிடிக்க முடியாத நாய்களுக்கு அதுதான் வழி. காயம் ஆற பத்து நாள். அதுவரை குளிப்பாட்டக் கூடாது. மஞ்சள், சாம்பல், எண்ணெய் ஒன்றும் பூசக் கூடாது, இதை ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்ல வேண்டும், துண்டுப் பிரசுரம் கொடுத்தால் மட்டும் போதாது. கழுத்துக்குக் கூம்பு வாங்க முடியாவிட்டால் பழைய டீசேர்ட் ஒன்றைப் போட்டு முதுகில் முடிந்துவிடலாம். கடுவனைப் பற்றி ஒன்று, செய்த பிறகும் ஒரு மாதம் வரைக்கும் அதனால் சினைப்படுத்த முடியும், எனவே உடனே பெட்டையோடு விட்டுவிட்டு ‘ஒப்பரேஷன் பிழைத்துவிட்டது’ என்று வரக் கூடாது.

இன்னொரு முக்கியமான விடயம் உண்ணிக் காய்ச்சல். இங்கே தெருநாய்களில் அது நிறைய. இரத்தம் குறைந்து, உறைகிற தன்மையும் குறைந்த நாயை வெட்டினால் மேசையிலேயே இரத்தம் நிற்காமல் போகலாம். முரசு (பல் ஈறு) வெளிறியிருக்கிற, காய்ச்சலாக இருக்கிற, மெலிந்துபோன நாயை வைத்தியர் திருப்பி அனுப்பினால் யாரும் சண்டை பிடிக்கக் கூடாது. அதற்கு மருந்து கொடுத்துத் தேற்றி அடுத்த மாதம் கொண்டு வரலாம்.

பூனைவீடு:
காத்தான்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் நாய் வளர்ப்பு இல்லை, ஆனால் பூனை இல்லாத வீடு குறைவு. மீன் சந்தையைச் சுற்றிப் போய்ப் பாருங்கள், எலும்பும் தோலுமாகச் சினைப்பூனைகள். சனத்துக்கு இரக்கம் இருக்கிறது, சாப்பாடும் வைக்கிறார்கள், ஆனால் குட்டி பெருகினால் எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் சந்தையடியிலேயே விட்டுவிடுகிறார்கள். உங்கள் திட்டத்தில் பூனைக்கு இடம் உண்டா? நாயும் பூனையும் ஒரே நாளில் ஒரே மண்டபத்தில் என்றால் எங்கள் பெண்கள் வரமாட்டார்கள், பூனையும் பயத்தில் செத்துவிடும்.

பலர் இங்கே கருத்தடை ஊசி போடுகிறார்கள், மலிவு, அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

களுவாஞ்சிக்குடி_தங்கச்சி:
நானா, அந்த ஊசியை நம்ப வேண்டாம். மெட்ரொக்ஸிபுரோஜெஸ்டரோன் என்கிற ஹோர்மோன் அது, பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் போடுகிற அதே மருந்து. நாய், பூனைக்குத் திரும்பத் திரும்பப் போட்டால் கருப்பையில் சீழ் பிடிக்கும், மார்பில் கட்டி வரும். ஏற்கெனவே சினையாக இருப்பது தெரியாமல் போட்டால் குட்டி வெளியே வர முடியாமல் உள்ளேயே செத்து, தாயும் செத்துப்போகும். ஒரு ஊசி மலிவு என்பது உண்மை, ஆனால் சீழ் பிடித்த கருப்பையை எடுக்கப் போகிற செலவில் பல பூனைகளுக்கு முறையாகக் கருத்தடை செய்யலாம். பருவம் வருவதற்கு முன்னர் செய்துவிட்டால் மார்புக் கட்டி வருகிற வாய்ப்பு மிக மிகக் குறைவு, இதையும் சொல்லுங்கள்.

அப்புறம், சத்திரசிகிச்சை முடிந்த பூனைக்கு நோவு என்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள். பரசிட்டமோல் பூனைக்கு நஞ்சு, அரைக் குளிசையே கொன்றுவிடும்.

பூனைவீடு:
பனடோல் விசயம் இங்கே நிறையப் பேருக்குத் தெரியாது, இன்றைக்கே எங்கள் குழுவில் போடுகிறேன். பூனைக்கென்று தனி நாள் வையுங்கள், வெள்ளிக்கிழமை வேண்டாம், நோன்பு மாதமும் வேண்டாம். மார்க்கரீதியாகச் சிலர் கேள்வி கேட்பார்கள், அதற்கு நாங்கள் முன்கூட்டியே பள்ளிவாசல் நிர்வாகத்தோடும் உலமாக்களோடும் பேசிக்கொள்கிறோம், அதை எங்களிடம் விடுங்கள். பூனையைத் தனித்தனியாகக் கொண்டுவர என்ன செய்யலாம்? கூடு வாங்க எல்லோராலும் முடியாது.

வாவிக்கரை:
மூடி போட்ட பிளாஸ்டிக் சந்தைக் கூடை, மூடியைக் கயிற்றால் கட்டிக்கொள்ள வேண்டும். அதுவும் இல்லாதவர்கள் தடிப்பான தலையணை உறைக்குள் பூனையை விட்டு வாயைக் கட்டி, அதைக் கூடைக்குள் வைத்துக் கொண்டுவரலாம், மூச்சு முட்டாது, இருட்டாக இருப்பதால் அமைதியாகவும் இருக்கும். இரண்டு பூனையை ஒரே கூடையில் வைக்கவே கூடாது.

பூனை நாள் தனி என்பதில் எங்களுக்கு முழுச் சம்மதம் நானா.

கணக்குப்புத்தகம்:
காசைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். இலவசம் என்று போட வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. இலவசம் என்றால் பெயரைக் கொடுத்துவிட்டு வராமல் விடுவார்கள், மயக்க மருந்து, நூல், கையுறை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு வைத்தியர் காத்திருப்பார். ஒரு சிறிய தொகையை முன்பதிவின்போதே வாங்குங்கள், 500 ரூபாவாக இருந்தாலும் பரவாயில்லை. வசதியுள்ளவர்கள் உண்மையான செலவைக் கொடுக்கட்டும், மேலே கொடுக்க விரும்பினால் ஒரு தெருப் பெட்டைக்கான செலவைப் பொறுப்பேற்கட்டும். வந்த காசு, போன காசு இரண்டையும் மாதாமாதம் இங்கேயே வெளியிட வேண்டும்.

ஆரையம்பதி_ராணி:
அண்ணா, 500 ரூபாவும் கொடுக்க முடியாத வீடுகள் இருக்கின்றன. எங்கள் ஒழுங்கையில் தெருப் பெட்டைகளுக்குச் சோறு வைப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் அப்பம் சுட்டு விற்கிற, இடியப்பம் அவிக்கிற பெண்கள்தான். அவர்களுடைய நாயும் இல்லை, வாசலில் வந்து படுக்கிறது, இரக்கத்தில் வைக்கிறார்கள். அவர்களிடம் காசும் கேட்டு, நாயையும் பிடித்துக்கொண்டு வரச் சொல்லி, மூன்று இரவும் பார்த்துக்கொள்ளச் சொன்னால் யார் வருவார்கள்? அவர்கள் வராவிட்டால் அந்தப் பெட்டையை வேறு ஒருத்தராலும் பிடிக்க முடியாது, அவர்கள் கையில் மட்டும்தான் அது வரும்.

கணக்குப்புத்தகம்:
சரி, ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் பெட்டைக்கு ஒரு சதமும் வாங்க வேண்டாம், வீட்டுப் பெட்டையோ தெருப் பெட்டையோ. கடுவனுக்கு மட்டும் கட்டணம். ஒவ்வொரு கிளினிக்கிலும் இடங்களில் முக்கால்வாசி பெட்டைக்கென்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கடுவனுக்குக் கொடுங்கள். அப்போது படுவான்கரை அண்ணா சொன்ன பிரச்சினையும் தீரும்.

படுவான்கரையான்:
இது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஊறணிச்சந்தி:
நானும் ஒன்று சொல்கிறேன். நான் முன்பு எழுதியதை எங்கள் ஒழுங்கையில் பேசிப் பார்த்தேன். ஆட்களுக்கு இருக்கிற உண்மையான பயம் விசர்நாய்க்கடிதான். செய்த நாய் எது, செய்யாத நாய் எது என்று பார்த்தவுடன் தெரிந்தால் அரைவாசி எதிர்ப்பு குறைந்துவிடும்.

களுவாஞ்சிக்குடி_தங்கச்சி:
மயக்கத்தில் இருக்கும்போதே காதில் சின்னதாக அடையாளம் வெட்டுவார்கள் அண்ணா. நாய்க்கு வி வடிவத்தில் ஒரு வெட்டு, பூனைக்கு இடது காது நுனி. வலிக்காது, தூரத்திலிருந்தே தெரியும், அதே பெட்டையை இரண்டாம் தடவை பிடித்து வயிற்றைத் திறக்கிற கொடுமையும் நடக்காது. தடுப்பூசி வருசா வருசம் திரும்பப் போட வேண்டும், அதற்குக் காது வெட்டு போதாது, பெயரும் இடமும் எழுதிய பதிவேடு வேண்டும்.

தடுப்பூசிக்குக் காசு தேட வேண்டாம். சுகாதார அமைச்சு நாய்களுக்கு இலவசமாகப் போடுகிறது. உங்கள் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலமாகத் திகதியைச் சொல்லிக் கேளுங்கள், தடுப்பூசி போடுகிறவர் கிளினிக்குக்கே வந்து உட்காரலாம். ஒரு பகுதியில் 70 வீத நாய்களுக்குப் போட்டால் விசர்நோய் பரவல் அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எங்கள் நாட்டில் 1973இல் மட்டும் 377 பேர் இந்த நோயால் செத்திருக்கிறார்கள், இன்றைக்கு வருசத்துக்குச் சில பத்துப் பேராகக் குறைந்திருப்பதற்கு நாய்த் தடுப்பூசியும் ஒரு பெரிய காரணம். இருந்தாலும் கடித்தால், பிறாண்டினால், உடனே சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோய்க்குறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழியே கிடையாது.

வாவிக்கரை:
மண்டபம் பார்க்கப் போனோம். ஒரு பாலர் பாடசாலை, ஒரு சனசமூக நிலையம், ஒரு பலநோக்கு மண்டபம். பாலர் பாடசாலை வேண்டாம் என்று முடிவு செய்தோம், திங்கட்கிழமை சின்னப் பிள்ளைகள் வந்து அதே தரையில் உட்காருவார்கள். பலநோக்கு மண்டபம் பெரிது, ஆனால் தண்ணீர் இல்லை. சனசமூக நிலையத்தில் இரண்டு அறை இருக்கிறது, கிணறு இருக்கிறது, பின் விறாந்தை வடக்குப் பார்த்தது, நிழல். ஒரு அறையில் மேசை, மற்ற அறையில் மயக்கம் தெளியும் வரை கிடத்தலாம். கறண்ட் போனால் என்ன செய்வது?

களுவாஞ்சிக்குடி_தங்கச்சி:
நெற்றியில் கட்டுகிற லைட் இரண்டு, சார்ஜ் பண்ணி வைத்தால் போதும். சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்குவதுதான் தலையாய விடயம். ஒரு நாய்க்குப் பாவித்ததை ஸ்பிரிட்டில் நனைத்து அடுத்த நாய்க்குப் பாவிக்கிற கதையே வேண்டாம். ஒவ்வொரு பிராணிக்கும் தனிப் பொதி. ஓட்டோகிளேவ் இல்லாவிட்டால் பெரிய பிரஷர் குக்கர், 15 இறாத்தல் அமுக்கத்தில் 121 பாகை வரும், சுற்றிக் கட்டிய பொதி என்பதால் அதில் 30 நிமிடத்துக்குக் குறையாமல். ஆகவே எத்தனை பொதி இருக்கிறதோ அத்தனை பிராணிதான் அன்றைக்கு. முதல் கிளினிக்கில் 12க்கு மேல் போக வேண்டாம் என்பேன். வைத்தியருக்குப் பழக்கம் இருக்கும், உதவியாளர்களுக்குப் பழக்கம் இருக்காது, பிரச்சினை வருவது அங்கேதான்.

மயக்கம் தெளிகிற இடத்தில் ஒரு பிராணிக்கு ஒரு ஆள் என்று இருத்துங்கள். ஒரு பக்கமாகக் கிடத்தி, கழுத்தை நீட்டி, நாக்கை வெளியே இழுத்துவிட்டு, மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், வேறு வேலை ஒன்றும் இல்லை. கண் திறந்தபடியே இருக்கும், காய்ந்துவிடாமல் மருந்து போட வேண்டும். எங்கள் வெயிலில் குளிராது என்று நினைப்பார்கள், ஆனால் மயக்கத்தில் உடம்பு சில்லிட்டுவிடும், முக்கியமாகப் பூனைக்கும் குட்டிக்கும். வெறும் சீமெந்துத் தரையில் கிடத்தாமல் மட்டையும் பழைய சேலையும் விரியுங்கள். மீன் அனுப்புகிற ரெஜிஃபோம் பெட்டி கிடைத்தால் நன்றாகக் கழுவி, பூனையை அதில் கிடத்தலாம், சூடு நிற்கும்.

கல்முனை_வடக்கு:
எழுந்து நின்று, நடந்து, தண்ணீர் குடித்த பிறகுதான் வெளியே அனுப்புவது என்று எழுதி ஒட்டுங்கள். யார் அவசரப்படுத்தினாலும் அனுப்பக் கூடாது. பத்து நாளைக்கும் ஒரு டெலிபோன் நம்பர், அதை ஒருவர் எடுக்க வேண்டும், இரவிலும். அந்த ஒரு ஆளை இப்போதே தெரிவு செய்யுங்கள்.

ஆரையம்பதி_ராணி:
நம்பரை நான் பொறுப்பெடுக்கிறேன். இரவில் எப்படியும் மூன்று மணிக்கு எழும்பி மா பிசைகிறவள், எடுப்பேன். காயம் வீங்கியிருக்கா, இரத்தம் வருகிறதா, சாப்பிட்டதா என்று கேட்டுப் படம் அனுப்பச் சொல்லி, தங்கச்சிக்கும் டொக்டருக்கும் அனுப்புகிறேன்.

படுவான்கரையான்:
எந்த மாதம் என்பதையும் யோசியுங்கள். ஐப்பசி முடிந்து தை வரைக்கும் மழை, வெள்ளம் வந்தால் மண்டபமெல்லாம் அகதி முகாம். எங்கள் பக்கம் பெரும்போக அறுவடை முடியும் வரை ஆட்களே வீட்டில் இருக்க மாட்டார்கள், நாயும் வாடியில்தான் இருக்கும். அறுவடை முடிந்து மாசி, பங்குனிதான் தோது. அதன்பிறகு கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மத்தியானம் மண்டபத்துக்குள் இருக்க முடியாது, விடிய ஆறு மணிக்குத் தொடங்கி பதினொன்றுக்குள் முடிக்க வேண்டும்.

மண்முனைப் பாலம் 2014இல் வந்த பிறகு எங்களுக்குத் தூரம் குறைந்திருக்கிறது, ஆனாலும் நாயை ஆட்டோவில் ஏற்ற மாட்டேன் என்கிற ஆட்டோக்காரர்கள்தான் அதிகம். இரண்டாவது வருசமாவது கிளினிக் எங்கள் பக்கம் வர வேண்டும். இப்போதே எல்லா ஊரிலும் என்று சிதற வேண்டாம், அதில் எனக்குப் பிடிவாதமில்லை.

கணக்குப்புத்தகம்:
நானும் அதையே சொல்கிறேன். ஒரே ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவு. முதலில் எண்ணுங்கள். காலை ஐந்தரைக்கு, கடைகள் திறக்கும் முன், இரண்டு பேர் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், பெட்டை எத்தனை, கடுவன் எத்தனை, பால் கொடுக்கிறது எத்தனை, யார் சோறு வைக்கிறார்கள் என்று எழுத வேண்டும். அந்தப் பிரிவில் பெட்டைகளில் 70 வீதம் முடியும்வரை அடுத்த பிரிவுக்குப் போகக் கூடாது. பத்து ஊரில் பத்துப் பத்தாகச் செய்வது இறைக்கிற கிணற்றில் ஊற்றை விட்டுவிட்டு வாளியை எண்ணுகிற வேலை.

பூனைவீடு:
ஒரு சந்தேகம். பால் கொடுக்கிற தாயை என்ன செய்வது? நாங்கள் எண்ணினால் பாதிக்குப் பாதி அதுவாகத்தான் இருக்கும்.

களுவாஞ்சிக்குடி_தங்கச்சி:
குட்டிகள் தானாகச் சாப்பிடத் தொடங்கும் வரை, ஆறிலிருந்து எட்டுக் கிழமை, பொறுத்திருப்பது நல்லது. ஆனால் பூனை அதற்குள்ளேயே திரும்பச் சினைப்பட்டுவிடும், ஆகவே ஐந்தாம் கிழமையிலேயே திகதியைக் குறித்துவிடுங்கள். நழுவிவிடக் கூடிய தெருத் தாய் என்றால் வைத்தியர் பார்த்து முடிவெடுப்பார், செய்து, மயக்கம் நன்றாகத் தெளிந்த பிறகு அன்றே குட்டிகளிடம் கொண்டுபோய் விடலாம், மூன்று இரவு என்று நான் சொன்னதற்கு இது மட்டும் விலக்கு, பால் வற்றாது. பருவத்தில் இருக்கிற பெட்டையை முடிந்தால் தள்ளிப்போடுங்கள், இரத்தப்போக்கு கூடும்.

முதல்நாள் இரவு எட்டு மணிக்குப் பிறகு வளர்ந்த நாய்க்குச் சாப்பாடு கொடுக்கக் கூடாது, தண்ணீர் விடியும் வரை கொடுக்கலாம். தெரு நாய்க்கு இது முடியாத காரியம், அதனால்தான் முதல்நாள் பின்னேரமே பிடித்து வைக்க வேண்டும் என்கிறேன். சின்னக் குட்டிகளை இரவு முழுக்கப் பட்டினி போடாதீர்கள், நாலு மணித்தியாலம் போதும்.

ஊறணிச்சந்தி:
எங்கள் வளவுக்குப் பின்னால் பழைய கோழிக்கூடு இருக்கிறது, சீமெந்துத் தரை, தகரக் கூரை, கம்பிவலை நல்ல நிலையில். கழுவிச் சுண்ணாம்பு அடித்துத் தருகிறேன். மூன்று பெட்டைகளைத் தனித்தனியாக அடைக்கலாம். வீட்டில் கேட்டுவிட்டேன், சம்மதம்.

வாவிக்கரை:
அண்ணா, இதைவிடப் பெரிய உதவி இந்த இழையில் யாரும் செய்யவில்லை. மனம் நிறைந்த நன்றி.

இப்போதைக்கு நிலைமை இதுதான். நாவற்குடாவில் ஒரு பிரிவு, அது மட்டும். வருகிற சனிக்கிழமை விடிய எண்ணப் போகிறோம். சோறு வைக்கிற பெண்களை ராணி அக்காவும் நானும் வீடு வீடாகப் போய்ச் சந்திக்கிறோம், காசு பற்றி ஒரு வார்த்தையும் கேட்க மாட்டோம், எந்தப் பெட்டை யார் கைக்கு வரும் என்பதை மட்டும் எழுதிக்கொள்வோம். சுகாதாரப் பணிமனைக்குக் கடிதம் கொடுத்தாகிவிட்டது. முதல் கிளினிக் 12 பிராணிகள், அதில் 9 பெட்டை, மாசி மாதத்தில். பூனைக்கு அதற்கடுத்த கிளினிக், காத்தான்குடி நானா இடத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

தங்க வைக்க ஊறணி அண்ணாவிடம் மூன்று இடம், என் வீட்டில் இரண்டு. இன்னும் நாலு வேண்டும். மூடிய வளவு, கூரை, தண்ணீர், இரவில் ஒரு தடவை எட்டிப் பார்க்க ஒரு ஆள், அவ்வளவுதான், மூன்றே இரவு. நாயை ஏற்ற மனமுள்ள ஆட்டோக்காரர் ஒருவரும் தேவை, கிளினிக்குக்கு முதல்நாள் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணியிலிருந்து. இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.

கல்முனை_வடக்கு:
என் மச்சானுக்கு ஆட்டோ இருக்கிறது, கேட்டுவிட்டு இரவைக்குச் சொல்கிறேன். சீட்டுக்கு விரிக்க ரெக்சின் துண்டு ஒன்று எடுத்து வையுங்கள், அதுதான் அவன் முதலில் கேட்பான்.